23 வயதில் ஒரு வருடம் வெளிநாட்டில் தன்னார்வலராகப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 23, படிப்பு முடிந்துவிட்டது, வேலைக்குச் சேரும் முன் ஒரு வருடம் வேறொரு நாட்டில் தன்னார்வலராக இருக்க ஆசை. அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், லீவு கிடைத்தால் அக்கம்பக்கத்து நாடுகளைச் சுற்றிப் பார்க்க முடியுமா, பயப்படும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் போவதால் அங்கே யாருக்காவது பிரயோஜனம் இருக்குமா?" மற்ற மூன்றுக்கும் பதில் இந்த நான்காவது கேள்வியைத் தொட்டுக்கொண்டுதான் வரும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. உங்கள் வயதில் வேறொரு நாட்டு மலைக் கிராமத்தில், ஒரு சின்னச் சுகாதார நிலையத்தில் ஒன்பது மாதம் தன்னார்வலராக இருந்தேன். அதற்குப் பிறகு 14 வருடங்களாக, இப்படிக் கிளம்புகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும், அங்கே போனபின் அவர்கள் அழைத்தால் போனை எடுப்பதும் என் வேலை. நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. மருந்து, விசா பற்றிக் கீழே சொல்வதை நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொண்டு, பதிலை உரியவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரயோஜனம் இருக்குமா? உங்களை யார் கூப்பிட்டார்கள், எந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள், நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்த வேலையை யார் பார்ப்பார்கள், இந்த மூன்றையும் விசாரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல மனசு மட்டும் போதாது என்பது இந்தத் துறையில் பழைய பாடம். 1920-ல் பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், முதல் உலகப் போரில் நொறுங்கிக் கிடந்த பிரான்சின் வெர்டூன் பக்கம் ஒரு கிராமத்தைத் திரும்பக் கட்டப் பல நாட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்று வரை எதிரியாக இருந்த நாட்டுக்காரர்கள் வந்து வீடு கட்டித் தருவதை ஊரார் எல்லோராலும் ஏற்க முடியவில்லை. சில மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பல நாடுகளில் இயங்கும் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்துதான் பிறந்தது. 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்) என்ற தன்னார்வலர் அமைப்பு, ஆரம்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளைகளைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நாளாக ஆக, கைத்தொழிலோ அனுபவமோ உள்ளவர்களைத்தான் அனுப்ப வேண்டும் என்ற நிலைக்கு அதுவே வந்து சேர்ந்தது. அழைத்துக்கொண்ட நாடுகள் கேட்டதும் அதைத்தான்.

என் கதையைச் சொல்கிறேன். அந்தச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. ஆறு வாரம் உட்கார்ந்து அழகான எக்செல் அட்டவணை ஒன்று செய்தேன். அங்கிருந்த செவிலியரிடம் அதற்கு முன்பே ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருந்தது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பக்கம். ஊசி தவறிய குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி. அடுத்த முறை நடந்து போய்ப் பார்க்க வேண்டிய வீடு இருந்தால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருப்பார். மழைக்காலம் தொடங்கியதும் 11 நாள் மின்சாரம் இல்லை. என் அட்டவணை மடிக்கணினிக்குள்ளேயே கிடந்தது. அவர் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வழக்கம்போல மலை ஏறினார். திரும்பி வந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடியே என்னைக் கேட்டார்: "நீ போன பிறகு உன் பெட்டியில் யார் எழுதுவார்கள்?" அதில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. மீதி மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம், கிழிந்துபோன பழைய நோட்டுகளை மாலை நேரத்தில் அவரோடு உட்கார்ந்து புது நோட்டில் பிரதி எடுத்துக் கொடுத்ததுதான். பெயர்களை அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். அந்த ஊர் மொழியை நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த அமைப்பிடம் நேராகக் கேளுங்கள். எனக்கு முன்னால் இந்த இடத்தில் யார் இருந்தார்கள், அவர்களோடு நான் பேசலாமா? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? சம்பளம் கொடுத்து உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்தால் இதைவிட நன்றாக நடக்குமா? ஒழுங்கான அமைப்பு இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும். பழைய தன்னார்வலர்களோடு பேச விடமாட்டோம் என்றால், தயங்காமல் விலகிவிடுங்கள்.

ஒரு இடத்துக்கு மட்டும் போகவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அனாதைக் குழந்தைகள் காப்பகம். சில வாரமோ சில மாதமோ போய்க் குழந்தைகளோடு விளையாடிவிட்டு வரும் திட்டங்கள் இன்னும் விளம்பரம் செய்யப்படுகின்றன. காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது குழந்தை நல அமைப்புகள் பல வருடங்களாகச் சொல்லிவருவது. வெளிநாட்டுப் பார்வையாளர்களின் நன்கொடைக்காகவே ஏழை வீடுகளிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து வைத்திருந்த காப்பகங்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் ஆதாரத்தோடு வெளிவந்தன. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது இதுவும் அந்த விவாதத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில் காப்பகத் தன்னார்வப் பயணத்தால் வரும் தீங்கைச் சுட்டிக்காட்டியது. நேர்மையாக நடக்கும் காப்பகம் என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டிப் பழகிய அக்காவோ அண்ணனோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறைந்துபோவதை ஒரு நாலு வயதுக் குழந்தை எத்தனை தடவை தாங்கும்? குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை இருந்தால், ஆசிரியருக்குத் துணையாகப் பள்ளியில் இருக்கும் வேலையைத் தேடுங்கள். உங்கள் பின்னணியை விசாரிக்காமல் குழந்தைகளிடம் விடும் எந்த இடமும் நல்ல இடம் இல்லை.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1970-ல் உருவாகி இப்போது ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயது வரை இளைஞர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாதாந்தர வாழ்க்கைப் படி, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ ஒரு பைசா வாங்க மாட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடிதான். ஜெர்மனியின் வெல்ட்வெர்ட்ஸ் திட்டம் 2008-ல் தன் நாட்டு இளைஞர்களை அனுப்புவதற்காகத் தொடங்கியது, பிறகு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இளைஞர்களை ஜெர்மனிக்கு அழைக்கவும் வழி செய்தது. 1961-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டமான பீஸ் கார்ப்ஸ் பெயரை எங்கும் கேட்டிருப்பீர்கள், அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். இவை தவிர, நீங்களே பணம் கட்டிப் போகும் திட்டங்கள் ஏராளம். பணம் கட்டுவதாலேயே அது மோசம் என்று சொல்ல மாட்டேன், தங்கும் இடத்துக்கும் பயிற்சிக்கும் செலவு ஆகத்தான் செய்யும். அந்தத் தொகையில் எவ்வளவு நீங்கள் வேலை செய்யப்போகும் ஊருக்குப் போய்ச் சேருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எந்தத் திட்டமானாலும், திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். நினைத்தால் கிளம்பிவிடலாம் என்ற தெம்பு இருந்தால்தான் நிம்மதியாக அங்கே இருக்க முடியும்.

விசாவில் பலர் வழுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். சம்பளம் வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதுமே என்று நினைக்கிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் சம்பளமில்லாத தன்னார்வ வேலையும் வேலைதான், அதற்குத் தனி அனுமதி வேண்டும். "ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடு" என்று ஒரு அமைப்பு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், மாட்டிக்கொள்ளப்போவது அவர்கள் இல்லை, நீங்கள். பாஸ்போர்ட் தங்கும் காலத்துக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். பல நாடுகள் அதைப் பார்க்கும்.

இப்போது அன்றாட வாழ்க்கை. முதல் மூன்று மாதம் நீங்கள் கொடுப்பதைவிட வாங்குவதுதான் அதிகமாக இருக்கும். எங்கே குளிப்பது, யாருக்கு எப்படி வணக்கம் சொல்வது, எப்போது பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் யாராவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பீஸ் கார்ப்ஸின் 27 மாதத்தில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போகிறது, அதில் பெரும்பகுதி மொழி. உங்களுக்கு அப்படி ஒரு பயிற்சி கிடைக்காமல் போகலாம். அப்படியானால் புறப்படும் முன் 200 சொல்லாவது மனப்பாடம் செய்யுங்கள். எண்கள், உறவுப் பெயர்கள், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தேவையானவை, "மெதுவாகச் சொல்லுங்கள்", "எனக்குப் புரியவில்லை". அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அதிகம் உபயோகிப்பீர்கள். புரியாமலே தலையாட்டும் பழக்கம் மட்டும் வந்துவிடக்கூடாது, வேலையைக் கெடுப்பது அதுதான்.

தனிமை வரும். பழகாத ஊரின் வழக்கங்களுக்கு நடுவே மனம் தடுமாறுவதைச் சொல்லும் கலாச்சார அதிர்ச்சி என்ற பேச்சை 1950-களில் பரவலாக்கியவர் காலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். 1955-ல் சுவெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிப் படித்துத் திரும்பிய நார்வே நாட்டவர்களை ஆராய்ந்து, முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அப்புறம் மெல்ல ஏற்றம் என்று ஒரு வளைகோடு வரைந்தார். இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். நானும் பல வருடம் காட்டினேன், இப்போது காட்டுவதில்லை. காலீன் வார்டு என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வருடம் முழுக்கப் பின்தொடர்ந்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு அதிகமாக இருந்தது வந்து இறங்கிய முதல் நாட்களில்தான். உற்சாகமான தேனிலவுக் காலம் எல்லோருக்கும் வரும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். அதனால் இறங்கிய இரண்டாம் நாளே அழுகை வந்தால், தப்பான முடிவு எடுத்துவிட்டோம் என்று பயப்படாதீர்கள். மாதங்கள் போகப் போகப் பெரும்பாலோருக்குச் சுமை குறைகிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். எந்த வாரத்தில் குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஒருமுறை இரவு ஒன்றரை மணிக்கு ஒரு பெண் என்னை அழைத்தாள், போய் ஏழாவது வாரம். யாரும் எதுவும் செய்யவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. "என்னால் இங்கே ஒரு ஜோக்கூடச் சொல்ல முடியவில்லை. வீட்டில் நான்தான் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். இங்கே எல்லோரும் என்னை அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள். அரை மணி நேரம் நம் மொழியில் வாய்வலிக்கப் பேசினோம், நிறையச் சிரித்தாள். அந்நிய மொழியில் வாழும்போது முதலில் தொலைவது நம்முடைய குணம்தான். கூச்ச சுபாவம் இல்லாதவர் ஊமையாகத் தெரிவார், விவரமானவர் அசடாகத் தெரிவார். மொழி வர வர அது திரும்பி வந்துவிடும். அதுவரை வாரத்தில் ஒருமுறையாவது சொந்த மொழியில் மனம்விட்டுப் பேச ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பேசாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் வீட்டோடு போனில் இருப்பவர்கள் அங்கே யாரோடும் ஒட்டாமலே போய்விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வெளியே வரவே மனம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

உடம்பு விஷயத்தில், கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள், சில தடுப்பூசிகளை இடைவெளி விட்டுத்தான் போட முடியும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியாகும். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்குத்தான் வந்துவிட்டோமே என்று நிறுத்துபவர்கள் அதிகம். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாய் கடித்தால், சின்னக் கீறலானாலும், 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

இளம் தன்னார்வலர்களுக்கு மலேரியாவைவிட, பாம்பைவிட எனக்கு அதிகப் பயம் சாலைதான். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர் சுற்றலாமா என்ற கேள்விக்கான பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சுற்றலாம். ஐ.நா. திட்டத்தில் மாதத்துக்கு இரண்டரை நாள், பீஸ் கார்ப்ஸில் இரண்டு நாள் என்று விடுப்பு சேர்கிறது, சேர்த்து வைத்து எடுக்கலாம். மற்ற திட்டங்களில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் மட்டும் எங்கும் போகாமல் இருங்கள். ஊர் உங்களை அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கும் நேரத்தில் காணாமல் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு போங்கள். இரவு நேரப் பேருந்தில் மலைப்பாதையில் போகாதீர்கள், ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை. ஹெல்மெட் இல்லாமல் யார் வண்டியிலும் பின்னால் ஏறாதீர்கள். வாடகை பைக் எடுக்கும் முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள், உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பல காப்பீடுகள் பணம் தராது. விசா ஒருமுறை நுழையத்தானா, பலமுறை நுழையவா என்று பார்த்துவிட்டு எல்லையைத் தாண்டுங்கள். பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே வர முடியாமல் எல்லைச் சாவடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த பிள்ளைக்காக நான் அலைந்திருக்கிறேன்.

ஆணோ பெண்ணோ, தங்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் மேற்பார்வையாளரே தொந்தரவு கொடுத்தால் அவரைத் தாண்டி யாரிடம் புகார் செய்வது என்பதும் எழுத்தில் உங்களிடம் இருக்க வேண்டும். அப்படி ஒரு பெயரும் எண்ணும் தர முடியாத அமைப்போடு போக வேண்டாம். ஏதாவது நடந்தால் பாதியில் திரும்பி வருவதில் எந்த அவமானமும் இல்லை. அப்படி வந்தவர்களை நானே விமான நிலையத்தில் போய் அழைத்து வந்திருக்கிறேன்.

கடைசியாக, அம்மா. "ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று சொன்னால் அம்மாவின் பயம் குறையாது, அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரே தாளில், கையெழுத்தில், நீங்கள் தங்கும் முகவரி, அங்கே பொறுப்பாளரின் எண், அந்த நாட்டில் நம் தூதரகத்தின் எண், காப்பீட்டுப் பத்திர எண், உங்கள் ரத்த வகை எல்லாவற்றையும் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துக் கொடுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மழையோ மின்வெட்டோ வந்து அழைக்க முடியாமல் போனால் எத்தனை நாள் வரை பதறாமல் காத்திருக்கலாம், அதற்குப் பிறகு முதலில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே கீழே எழுதிவிடுங்கள். என் தாளில் அது நான்கு நாள். 11 நாள் மின்சாரம் போனபோது, ஐந்தாவது நாள் காலையில் என் அம்மா அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். மறுநாள் ஒரு பையன் மலை ஏறி வந்து, வீட்டில் கேட்டார்கள், நலம்தானே என்று விசாரித்துவிட்டுப் போனான்.